வாசகர் கேள்வி பதில்: கான்பரா மீது வரும் கோபம்

சென்ற இதழில் ஆஸ்திரேலிய அரசியல் பற்றி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்குமே ஊர்ப் பெயர் மட்டும்.

ஐயா, ஒரு ஹெலிகாப்டர் பயணத்துக்காக நாடாளுமன்றச் சபாநாயகர் பதவி போனது என்று இங்கே ஒரு நண்பர் சொன்னார். நம்புவதா, வேண்டாமா? (பென்டில் ஹில் வாசகர்)

நம்புங்கள், ஹெலிகாப்டருக்காகத்தான் போனது. 2014 நவம்பரில் அப்போதைய சபாநாயகர் ப்ரான்வின் பிஷப் மெல்பர்னிலிருந்து ஜிலாங் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு ஹெலிகாப்டரில் போனார். அரசு வேலையாகப் போகவில்லை, தன்னுடைய லிபரல் கட்சிக்கு நிதி திரட்டும் கூட்டத்துக்குப் போனார். வாடகை 5,227 டாலர், அதைக் கட்டியது மக்களின் வரிப்பணம். 2015 ஜூலையில் விஷயம் வெளியே வந்தது.

கோடிக்கணக்கில் பணம் வீணாகும் திட்டங்களைப் பற்றிச் செய்தி வந்தால் பேப்பரைப் புரட்டிவிட்டுப் போகிறவர்கள், ஐயாயிரம் டாலருக்கு ஏன் இப்படிக் கொதித்தார்கள் என்று எனக்கும் அப்போது ஆச்சரியமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. அந்தச் சாலை எல்லோருக்கும் தெரியும். மெல்பர்னிலிருந்து ஜிலாங்குக்குக் காரில் ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. தினமும் அந்த வழியில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் எத்தனையோ பேர். நீர்மூழ்கிக் கப்பல் ஒப்பந்தம் எத்தனை பில்லியன் என்று சொன்னால் மனதில் எந்தப் படமும் வராது, ஆனால் தான் காரில் மாட்டிக்கொண்டு நிற்கும் அதே சாலைக்கு மேலே ஒருவர் தன் காசில் பறந்துபோகிறார் என்றால் படம் உடனே வந்துவிடும். போதாததற்கு, அதே அரசின் நிதியமைச்சர் ஜோ ஹாக்கிதான் சலுகைகளின் காலம் முடிந்துவிட்டது என்று பேசியவர். 2014 பட்ஜெட்டில் டாக்டரைப் பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் 7 டாலர் கட்ட வேண்டும் என்று கொண்டுவரப் பார்த்தவரும் அவர்தான். 7 டாலரையும் 5,227 டாலரையும் மக்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

பணத்தை அந்த அம்மா உடனே திருப்பிக் கட்டச் சம்மதித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரம்தான் பதவியைத் தின்றது என்பது என் கருத்து. ஆகஸ்ட் 2 அன்று ராஜினாமா. அடுத்த தேர்தலுக்கு மக்கெல்லர் தொகுதியில் அவருடைய கட்சியே அவரை நிறுத்தவில்லை. 2017இல் எம்.பி.க்களின் பயணச் செலவுகளைக் கவனிக்க அரசியல்வாதிகளின் கைக்கு வெளியே தனி அமைப்பு ஒன்றும் வந்தது.

காட்டுத்தீ சமயத்தில் ஸ்காட் மோரிசன் ஹவாய் போனதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். பிரதமர் என்றால் குடும்பத்தோடு விடுமுறை போகக் கூடாதா? எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருக்கிறது. (பிரிஸ்பேன் வாசகி)

போகலாம் அக்கா, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2019 டிசம்பர் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிட்னியில் வாரக்கணக்கில் புகை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வெளியே விட முடியாது, காலையில் எழுந்தால் காரின் மேல் சாம்பல், சூரியன் செக்கச்செவேலென்று ஒரு தட்டு மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கோடையில் நாடு முழுக்க 2.4 கோடி ஹெக்டேருக்கு மேல் எரிந்தது, 33 பேர் இறந்தார்கள், 3,000க்கும் அதிகமான வீடுகள் போயின. அந்த நேரத்தில் பிரதமர் எங்கே என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டால், ஹவாயில் இருக்கிறார் என்பது தவறான செய்தி என்று அவருடைய அலுவலகத்திலிருந்தே பதில் வந்தது. அப்புறம் அது உண்மை என்று ஆனது.

டிசம்பர் 19 இரவு சிட்னிக்குத் தென்மேற்கே தீயணைப்பு வண்டி கவிழ்ந்து இரண்டு தொண்டர்கள் இறந்தார்கள். இருவரும் சின்னக் குழந்தைகளின் அப்பாக்கள். ஆஸ்திரேலியாவில் கிராமப்புறத் தீயை அணைப்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காதவர்கள் என்பதைப் புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: பேக்கரிக்காரர், பள்ளி ஆசிரியை, பால்பண்ணைக்காரர் என்று ஊரில் நாம் பார்க்கும் ஆட்கள்தான் அந்த மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். மறுநாள் ஹவாயிலிருந்து வானொலிக்குப் பேசிய பிரதமர், தான் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பவர் இல்லை, கட்டுப்பாட்டு அறையில் உட்காருபவரும் இல்லை என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னார். ஒருவிதத்தில் பார்த்தால் அது உண்மை, பிரதமர் தீயணைப்பவர் இல்லைதான். ஆனால் குழாயைப் பிடிக்கப் போன இரண்டு பேர் செத்துப்போன மறுநாள் சொல்லும் வார்த்தையா அது?

2020 ஜனவரி 2ஆம் தேதி அவர் கோபார்கோ என்ற சின்ன ஊருக்கு வந்தார். டிசம்பர் 31 விடியற்காலையில்தான் தீ அந்த ஊருக்குள் புகுந்திருந்தது, ஒரு அப்பாவும் மகனும் இறந்திருந்தார்கள், கடைத்தெருவில் பாதி கருகிக் கிடந்தது. வீட்டை இழந்த ஓர் இளம் கர்ப்பிணிப் பெண்ணிடம் பிரதமர் கையை நீட்டினார். தீயணைப்புப் படைக்குக் கூடுதல் பணம் தருவதாக இருந்தால்தான் கை கொடுப்பேன் என்று அந்தப் பெண் சொன்னார். அவர் குனிந்து, தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையைத் தானே எடுத்துக் குலுக்கினார். பிறகு திரும்பி நடந்தார். அந்தப் பெண் அவர் முதுகைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார். சில நொடிகள்தான், கேமரா அதைப் பிடித்துவிட்டது. களைத்துப்போய் உட்கார்ந்திருந்த ஒரு தீயணைப்பு வீரரும் கை கொடுக்க மறுத்தார். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு எனக்கு அவர் மேல் பரிதாபம் வரவில்லை, நீட்டாத கையை எடுத்துக் குலுக்கியது மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது.

கோபம் பணமாகவும் வந்தது. நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் ஃபேஸ்புக்கில் ஆரம்பித்த நிதிக்கு 5.1 கோடி டாலர் சேர்ந்தது. கொடுத்தவர்கள் பலர் அது வீடிழந்தவர்களுக்கும் விலங்குகளுக்கும் போகும் என்று நினைத்தார்கள். ஆனால் அது நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புப் படையின் அறக்கட்டளைக்குப் போன பணம், படையின் கருவி, பயிற்சி, காயம்பட்ட தொண்டர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் உதவி போன்றவற்றுக்குத்தான் செலவழிக்கலாம் என்று 2020 மே மாதம் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நன்கொடை கொடுக்கும்போது யார் கணக்குக்குப் போகிறது என்று பார்த்துக் கொடுங்கள்.

ஒரே ஆள் ஐந்து அமைச்சராக இருந்தாராமே? (பெர்த் வாசகர்)

அதே மோரிசன்தான். 2020 மார்ச்சிலிருந்து 2021 மே வரை சுகாதாரம், நிதி, தொழில்துறை, உள்துறை, கருவூலம் என்று ஐந்து துறைகளுக்குத் தன்னையும் அமைச்சராக நியமித்துக்கொண்டார். நாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தத் துறைகளின் அமைச்சர்களிலேயே சிலருக்குத் தெரியாது. அவர் தோற்றுப்போன பிறகு 2022 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. முதல் சில நாள் நாடே சிரித்தது, எல்லாப் படத்திலும் அவர் முகத்தை ஒட்டிப் பரப்பினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரிடம் போய்க் கேள்வி கேட்பது என்பதே தெரியாமல் இருந்தால் நாடாளுமன்றம் எதற்கு? சட்டப்படி செல்லும், ஆனால் பொறுப்பாட்சி என்ற அடிப்படையையே கெடுத்துவிட்டது என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். அந்த நவம்பர் 30 அன்று 86க்கு 50 என்ற வாக்கில் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது. முன்னாள் பிரதமர் ஒருவருக்கு அது நடந்தது அதுவே முதல் தடவை. அவர் கட்சியைச் சேர்ந்த பிரிட்ஜெட் ஆர்ச்சரே தைரியமாகத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்.

ரோபோடெட், ரோபோடெட் என்று வருடக்கணக்காகச் செய்தியில் வருகிறது. கணக்கில் என்ன தப்பு என்று யாரும் எனக்குப் புரியும்படி சொல்லவில்லை. ஹெலிகாப்டருக்கு இரண்டு வாரத்தில் கொதித்த மக்கள் இதற்கு ஏன் இத்தனை வருடம் எடுத்துக்கொண்டார்கள்? (டான்டினாங் வாசகி)

இந்த மாதம் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான் அம்மா, நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு பையனை வைத்துக்கொள்ளுங்கள். வருடத்தின் முதல் ஆறு மாதம் வேலை செய்தான், இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் சம்பளம், மொத்தம் 26,000. அப்புறம் வேலை போய்விட்டது. அடுத்த ஆறு மாதம் சென்டர்லிங்க் என்ற அரசு அலுவலகத்தில் உதவித்தொகை வாங்கினான். வருமானம் இல்லை என்று இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒழுங்காக எழுதிக் கொடுத்தான். ஒரு பொய்யும் இல்லை. சில வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் வரித்துறையிடமிருந்து அவனுடைய வருட வருமானம் 26,000 என்ற ஒரு எண்ணை மட்டும் எடுத்தது, அதை வருடத்தின் 26 இருவாரங்களால் வகுத்தது, ஆக இரண்டு வாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்திருக்கிறாய், உதவித்தொகை வாங்கிய வாரங்களிலும் சம்பாதித்திருக்கிறாய், மறைத்துவிட்டாய், இவ்வளவு திருப்பிக் கட்டு என்று கடிதம் அனுப்பியது. இவ்வளவுதான் விஷயம். ஐந்தாம் வகுப்புச் சராசரிக் கணக்கு. அதை ஒரு மனிதன் உட்கார்ந்து சரிபார்க்கவில்லை.

அதைவிடக் கொடுமை, தப்பில்லை என்று நிரூபிக்க வேண்டிய வேலையும் அந்தப் பையன் தலையில்தான். ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைக் கொண்டுவா என்றால் எங்கே போவான்? வேலை செய்த கடையே மூடியிருக்கும். போன் செய்தால் லைன் கிடைக்காது. பதில் போடாவிட்டால் வசூல் கம்பெனி கூப்பிடும், வரித்துறையிடமிருந்து வர வேண்டிய பணத்தையும் பிடித்துக்கொள்வார்கள். 2016 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்தக் கடிதங்கள் குவிய ஆரம்பித்தன.

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஓர் இளைஞர் இப்படி ஒரு கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. டீயைக் குடிக்கவே இல்லை. ஆறிப்போய் மேலே ஆடை கட்டிவிட்டது. அவர் கேட்டது ஒன்றுதான்: அம்மாவுக்குச் சொல்லாமல் இதைக் கட்டிவிட வழி இருக்கிறதா? கடன் உண்மையா பொய்யா என்று அவர் கேட்கவில்லை. அரசாங்கம் அனுப்பிய கடிதம், அதனால் தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. கூச்சம். ஹெலிகாப்டரைப் பார்த்துக் கோபப்படுகிறவன் நிமிர்ந்து நின்று கத்தலாம். உதவித்தொகை வாங்கியவன் வாயைத் திறந்தால் உழைக்காமல் சாப்பிடுகிறவன் என்று முதல் கல் அவன் மேலேயே விழும். அந்த வசைச்சொல் இந்த நாட்டில் பல பத்து வருடமாகப் புழங்குகிறது, அரசியல்வாதிகளும் சில பத்திரிகைகளும் அதை வளர்த்துவிட்டிருக்கிறார்கள். வெளிப்படையாகக் குறை சொல்லி எழுதிய ஒரு பெண்ணின் சொந்த விவரங்கள் அரசுத் தரப்பிலிருந்தே பத்திரிகைக்குப் போயின. அதைப் பார்த்த மற்றவர்கள் பேசுவார்களா? நம்மவர்கள் பலர் வாயே திறக்கவில்லை, சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம்.

அப்படியும் சிலர் பேசினார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்கள் சிலர் சேர்ந்து, இது என் கடன் இல்லை என்ற தலைப்பில் ஆயிரக்கணக்கானவர்களின் கதைகளைச் சேகரித்து வைத்தார்கள். இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2019 நவம்பரில் நீதிமன்றத்தில் அரசே தோல்வியை ஒப்புக்கொண்டது. 2020இல் 72.1 கோடி டாலர் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். 2021இல் நீதிபதி முடித்துவைத்த வழக்கின் கணக்குப்படி சுமார் 4 லட்சத்து 33 ஆயிரம் பேர் மேல் சட்டவிரோதமாகக் கடன் சுமத்தப்பட்டிருந்தது, தொகை குறைந்தது 176 கோடி டாலர். ராயல் கமிஷன் என்ற உயர்நிலை அரசு விசாரணை 2022இல் ஆரம்பித்தது. கடன் கடிதம் வந்த பிறகு உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து சாட்சி சொன்னார்கள். 2023 ஜூலையில் வந்த அறிக்கையில் தலைவர் கேத்தரின் ஹோம்ஸ், இது முரட்டுத்தனமும் கொடூரமும் கொண்ட ஏற்பாடு, நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை, பலரைக் குற்றவாளிகளாக உணரவைத்தது என்று எழுதினார். திட்டம் உருவான நேரத்தில் சமூக நலத் துறையின் அமைச்சர் மோரிசன். அமைச்சரவை தவறாக வழிநடத்தப்பட இடம்கொடுத்தார் என்று கமிஷன் சொன்னது, அவர் அதை ஏற்கவில்லை.

இதில் மக்களின் கோபம் நேரடியாக வேலை செய்த இடம் ஒன்று உண்டு. கமிஷன் அனுப்பிவைத்த ஆறு பேரை விசாரிக்கப் போவதில்லை என்று தேசிய ஊழல் தடுப்பு ஆணையம் 2024 ஜூனில் அறிவித்தது. அந்த முடிவுக்கு எதிராக நூற்றுக்கணக்கானவர்கள் ஆணையத்தின் மேற்பார்வையாளருக்குப் புகார் எழுதினார்கள். வெறும் கடிதங்கள்தான். அவர் ஆராய்ந்தார், முடிவெடுத்த விதத்தில் கோளாறு இருப்பதாகக் கண்டார், முடிவை மறுபடி பார்த்தார்கள், 2025 பிப்ரவரியில் விசாரணை நடக்கும் என்று ஆணையம் மாற்றிச் சொன்னது. அதே வருடம் செப்டம்பரில் இன்னும் 47.5 கோடி டாலர் இழப்பீடு தர அரசு சம்மதித்தது.

படகில் வந்தவர்கள் என்றாலே ஆஸ்திரேலியர்களுக்குப் பிடிக்காது என்கிறார்கள். அப்படியானால் பிலோயிலா குடும்பத்துக்காக ஒரு வெள்ளைக்கார ஊரே எழுந்து நின்றது எப்படி அண்ணா? (டூங்காபி வாசகி)

பொதுவில் அது உண்மைதான் தங்கச்சி. 2001 ஆகஸ்டில் டாம்பா என்ற நார்வே கப்பல் கடலில் காப்பாற்றிய 433 பேரை இறக்கவிடாமல் தடுத்த ஜான் ஹவார்ட், யார் வருவது என்பதை நாங்கள்தான் தீர்மானிப்போம் என்று சொல்லி அந்த நவம்பர் தேர்தலில் ஜெயித்தார். அதிலிருந்து இரண்டு பெரிய கட்சிகளுமே கடுமைதான்.

பிலோயிலா குயின்ஸ்லாந்தின் உள்பகுதியில் இருக்கும் சின்ன ஊர், இறைச்சி ஆலையும் சுரங்கமும் மாடும். பிலோயிலா என்றால் அங்குள்ள பூர்வகுடி மொழியில் கொண்டைக்கிளி. ஓட்டு பெரும்பாலும் வலதுசாரிக் கட்சிக்குப் போகும் பகுதி. அங்கே நம் தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தது. இலங்கையிலிருந்து தனித்தனியே படகில் வந்த இருவர், இங்கே கல்யாணம் செய்துகொண்டவர்கள், இரண்டு பெண் குழந்தைகள். கணவர் இறைச்சி ஆலையில் வேலை. மனைவி ஊர் மருத்துவமனைக்காரர்களுக்குச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாராம். 2018 மார்ச் 5 விடியற்காலையில் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டி, சாமான் கட்டச் சில நிமிடம் கொடுத்து, குழந்தைகளோடு கொண்டுபோய்விட்டார்கள். விசா அதற்கு முந்தின நாள்தான் முடிந்திருந்தது.

ஊர்க்காரர்கள் கேட்டது கொள்கையைப் பற்றி இல்லை, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கே என்றுதான் கேட்டார்கள். அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். படகில் வந்தவர்கள் என்றால் முகம் கிடையாது. இவர்களுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, அவர்கள் கையால் சாப்பிட்டிருந்தார்கள். 2019 ஆகஸ்ட் இறுதியில் இரவோடு இரவாக அவர்களை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி தடை உத்தரவு போட, டார்வினில் இறக்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து கிறிஸ்துமஸ் தீவில் இருந்த தடுப்பு முகாம். அங்கேதான் அந்தக் குழந்தைகள் வளர்ந்தார்கள், பள்ளிக்குப் போனாலும் காவலர்களோடு. 2021 ஜூனில் சின்னவளுக்கு ரத்தத்தில் கிருமி பரவி, பெர்த் மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுவந்தார்கள். கட்டிலில் அழும் தங்கையின் கன்னத்தில் அக்கா முத்தம் கொடுக்கும் அந்தப் படம் நாட்டையே உலுக்கியது. கடும் வலதுசாரி எம்.பி.யான பார்னபி ஜாய்ஸ்கூட இவர்கள் பெயர் ஜேன், சாலி என்று இருந்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்போம் என்ற கருத்தில் பேசினார்.

2022 மேயில் ஆட்சி மாறியது. ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. சின்னவளுக்கு அந்த வாரம் ஐந்தாவது பிறந்தநாள். தடுப்புக்காவலுக்கு வெளியே அவள் கொண்டாடிய முதல் பிறந்தநாள் அது, ஊரே வந்து கொண்டாடியது. ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

மகிழ்ச்சிதான். ஆனால் ஊர் எழுந்து நிற்காத குடும்பங்கள் ஏராளம். 2023இல் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர வழி திறந்தார்கள், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். 2024இல் மெல்பர்னில் உள்துறை அலுவலகத்துக்கு எதிரே அவர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள், அதில் நம் பிள்ளைகளும் உண்டு. சிறுவனாக வந்து பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்த 23 வயதுத் தமிழ் இளைஞர் ஒருவர் அந்த ஆகஸ்டில் இறந்துபோனார். அவரை நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

செனட்டர் தலையில் முட்டை உடைத்த பையன் செய்தது சரியா? (ஹோபார்ட் வாசகர்)

கை வைப்பது தப்பு, முட்டையாக இருந்தாலும். ஆனால் ஏன் நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்ற படுகொலை. ரத்தம் காய்வதற்குள் அந்தச் செனட்டர் ஃப்ரேசர் ஆனிங் பழியை முஸ்லிம்கள் குடியேறியதன் மேலே போட்டு அறிக்கை விட்டார். மறுநாள் 17 வயதுப் பையன் முட்டையை உடைத்தான், செனட்டர் திருப்பி அடித்தார். ஆனிங்கை நீக்கச் சொல்லிப் பத்து லட்சத்துக்கும் மேலானவர்கள் கையெழுத்திட்டார்கள், செனட் கண்டித்தது, இரண்டு மாதத்தில் தேர்தலில் போய்விட்டார். இத்தனைக்கும் அவர் தன் பெயருக்கு நேராக வாங்கியிருந்த முதல் விருப்பு வாக்கு 19தான். முன்னால் இருந்தவர் இரட்டைக் குடியுரிமையால் இடம் இழந்ததால் அந்தக் காலி இடத்துக்கு வந்தவர். பையனுக்காக மக்கள் அனுப்பிய பணம் கிட்டத்தட்ட 1 லட்சம் டாலர். அதை அவன் கிறைஸ்ட்சர்ச் குடும்பங்களுக்கே கொடுத்துவிட்டான்.

மக்கள் கோபம் எப்போதுமே நியாயமானதா? (அடிலெய்ட் வாசகி)

இல்லை. 2011 மார்ச்சில் கார்பன் வரிக்கு எதிராக நாடாளுமன்றத்தின் முன்னால் கூடியவர்களுக்கு வரியை எதிர்க்க உரிமை உண்டு, அந்த வரி வராது என்று தேர்தலுக்கு முன் சொன்னவரே பிரதமர் ஜூலியா கில்லார்ட்தான். ஆனால் அவர்கள் தூக்கிப் பிடித்த அட்டைகளில் இருந்தது வரி இல்லை. நாட்டின் முதல் பெண் பிரதமரைச் சூனியக்காரி என்று எழுதியிருந்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட் அந்த அட்டைகளுக்கு முன்னாலேயே நின்று பேசினார். 2012 அக்டோபர் 9 அன்று அவையில் அவரைப் பார்த்துப் பெண் வெறுப்பைப் பற்றிக் கில்லார்ட் பேசிய கால் மணி நேரப் பேச்சை அன்றைக்குக் கான்பரா பத்திரிகையாளர்கள் பலர் வெறும் அரசியல் என்று ஒதுக்கினார்கள். வெளியே இருந்த பெண்கள் வேறு மாதிரிக் கேட்டார்கள். என் மகள்கூட அதில் சில வரிகளை மனப்பாடமாகச் சொல்வாள்.

கத்துகிறார்கள், ஊர்வலம் போகிறார்கள், தேர்தல் வந்ததும் மறந்துவிடுகிறார்கள். சரிதானே? (கான்பரா வாசகர்)

பாதி சரி. 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பிரதமர் காஃப் விட்லமைப் பதவிநீக்கம் செய்தபோது ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். கோபத்தை அணையவிடாதீர்கள் என்று விட்லம் கேட்டுக்கொண்டார். டிசம்பர் 13 தேர்தலில் மால்கம் ஃப்ரேசர் தரப்பு 127இல் 91 இடங்களை அள்ளியது. கத்தியவர்களைவிடச் சும்மா இருந்தவர்கள் அதிகம்.

மறு பாதிக்கு 2021 மார்ச் 15. அமைச்சர் ஒருவரின் அலுவலகத்திலேயே தனக்குப் பாலியல் வன்கொடுமை நடந்ததாக ஓர் இளம் பெண் ஊழியர் பகிரங்கமாகச் சொன்னதைத் தொடர்ந்து, நாடு முழுக்கப் பல பத்தாயிரம் பெண்கள் கருப்பு உடையில் ஊர்வலம் போனார்கள். பிரதமர் வாசலுக்கு வந்து அவர்களைப் பார்க்கவில்லை. இதே மாதிரி ஊர்வலங்கள் வேறு இடங்களில் துப்பாக்கிக் குண்டுகளைச் சந்திக்கின்றன, இங்கே அப்படி இல்லை என்று அவைக்குள் பேசினார். அந்த நவம்பரில் வந்த ஆய்வறிக்கையில், நாடாளுமன்றத்தில் வேலை செய்பவர்களில் மூன்றில் ஒருவர் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள்.

2022 மே 21 அன்று நான் ஓட்டுப் போடப் போன பள்ளிக்கூட வாசலில் நல்ல கூட்டம். ஒரு பக்கம் பெற்றோர் சங்கத்தினர் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள், வெங்காயம் வதங்கும் வாசனை. எனக்கு முன்னால் நின்ற, பாட்டி வயதுள்ள ஓர் அம்மா, வாழ்நாள் முழுக்க ஒரே கட்சிக்குப் போட்டதாகவும் இன்றைக்கு முதல் தடவையாக மாற்றிப் போடப் போவதாகவும் கேட்காமலே என்னிடம் சொன்னார். ஏன் என்று கேட்டேன். எனக்குப் பேத்திகள் இருக்கிறார்கள் என்றார். அந்தத் தேர்தலில் லிபரல் கட்சியின் கோட்டை என்று சொன்ன ஆறு தொகுதிகளைப் புதிய சுயேச்சைகள் பிடித்தார்கள், ஆறு பேருமே பெண்கள். ஹெலிகாப்டர் அம்மாவின் மக்கெல்லரும் அதில் ஒன்று.

இங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம் என்பதால் கத்தியவரும் வருவார், வாயே திறக்காதவரும் வருவார். சும்மா இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

நான் குடியுரிமை வாங்கி மூன்று மாதம் ஆகிறது. எம்.பி.க்குக் கடிதம் எழுதினால் படிப்பார்களா ஐயா? ஆங்கிலம் சுமார்தான். (வென்ட்வொர்த்வில் வாசகர்)

தாராளமாக எழுதுங்கள், ஆங்கிலம் சுமாராக இருந்தால் ஒன்றும் குறைவில்லை. யாரோ தயாரித்துக் கொடுத்ததை அப்படியே அனுப்பினால் ஊழியர்கள் எண்ணிவிட்டு ஒதுக்கிவிடுவார்கள், உங்களுக்கு நடந்ததை நீங்களே நாலு வரி எழுதினால் யாராவது உட்கார்ந்து படிப்பார்கள். அந்தத் தொகுதியில்தான் குடியிருக்கிறீர்கள் என்பது தெரிய முகவரி போடுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம். நேரில் பேச விருப்பம் என்றால் தொகுதி அலுவலகத்துக்குப் போன் செய்து நேரம் கேளுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்லலாம். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். அனுப்பும் ஒவ்வொன்றிலும் தேதி போட்டு ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், சம்பளச் சீட்டுகளோடு சேர்த்து.